பெண் கேட்கப் போகும் முன்னே...

தோட்டப்புற இளைஞர்களும் திருமணப் பேச்சும் என்ற பொருளில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு முன் பேசிய அன்பர்கள் மண்டபம், விருந்து, படப்பிடிப்பு என்று கல்யாண நாளைப் பற்றி நிறையவே சொல்லிவிட்டார்கள். நான் அந்த நாளுக்கு வரப்போவதில்லை. அதற்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், நாலைந்து பேர் ஒரு வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுகிறார்களே, அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். பெண் கேட்பது என்று நாம் சொல்லும் காரியம் அதுதான். அந்த ஒரு மணி நேரத்தில் கேட்க வேண்டியதைக் கேட்காமல் எழுந்து வந்ததால், பிறகு இருபது வருடம் அலுவலகப் படிகளில் ஏறி இறங்குகிற குடும்பங்கள் நம்மிடையே உண்டு.

சிரம்பானைச் சுற்றியுள்ள லாபு, ரந்தாவ், சிலியாவ் பக்கத்துத் தோட்டங்களிலும், போர்ட்டிக்சன் சாலையிலும், அந்தப் பக்கம் பகாவ், கெமஞ்சே வரையிலும் பெண் கேட்கும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். சம்பளம் போட்ட வாரமாக இருக்க வேண்டும். ஆடியும் மார்கழியும் ஆகாது. ரப்பர் மரம் இலையுதிர்க்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பால் குறைந்து கையில் காசு புழங்காது. ஆகவே பால்மரத் தோட்டங்களில் அந்த நேரத்தில் பெரிய பேச்சுக்கு யாரும் துணிவதில்லை. செம்பனைக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது என்றாலும் பழக்கம் பல இடங்களில் அப்படியே நின்றுவிட்டது. போகிறவர்களில் ஒருவராவது சுமங்கலிப் பெண். தட்டு எண்ணிக்கை ஒற்றைப்படை. வெற்றிலை பாக்கு, பழம், பூ, இனிப்பு இருந்தால் போதும்; சேலையும் நகையும் உறுதி செய்யும் நாளுக்கு.

பேச்சு நேராகத் தொடங்காது. "மழை விட்டபாடில்லை அண்ணே, இந்த மாசம் எத்தனை நாளு மரம் வெட்டினீங்க?" என்று தொடங்கும். மண்டோர் மாறியது, கோயில் திருவிழாவுக்குக் கூடாரம் போடுவது எல்லாம் வரும். பிறகு, கூட வந்த பெரியம்மா மெல்ல, "உங்க வீட்டு விளக்கை எங்க வீட்டுல ஏத்தி வைக்கலாம்னு ஆசைப்பட்டு வந்திருக்கோம்" என்பார். திரைக்குப் பின்னால் சமையலறையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருக்கும் பெண்ணுக்குக் காது மட்டும் வெளியில் இருக்கும். "பொண்ணுக்குச் சம்மதந்தானே?" என்று யாராவது ஒருவர் ஒப்புக்குக் கேட்பார். "அவகிட்ட கேக்க என்ன இருக்கு, நாங்க சொன்னா சரிதான்" என்று தகப்பனார் பதில் சொல்வார். தட்டு கைமாறிவிடும்.

இந்த முறையை நான் குறை சொல்ல வரவில்லை. இதிலே ஒரு பெரிய நன்மை இருக்கிறது: சாட்சி. பத்துப் பேர் முன்னிலையில் கேட்டதையும் கொடுத்ததையும் எந்தப் பக்கமும் சுலபமாக மறுக்க முடியாது. ஆனால் பேசியது யாரைப் பற்றியோ அவரைக் கேட்காமல் பேசுகிறோம் என்ற குறையும் இதே முறையில்தான் இருக்கிறது.

கங்காணி காலத்துக் கணக்கு

இது எப்படி வந்தது என்று கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம். கங்காணி என்பவர் தம் சொந்த ஊருக்கே போய், தெரிந்தவர்களையும் உறவினர்களையும் கப்பலேற்றிக்கொண்டு வந்தவர். ஆகவே தோட்டத்தில் வேலைக்கு மட்டும் அவர் தலைவர் அல்லர். பிரட்டுக் களத்தில் ஆள் எண்ணியவரே கல்யாணத்துக்கும் நடுவர். இந்திய அரசாங்கம் 1938 ஜூன் மாதத்தில் மலாயாவுக்குத் தொழிலாளர்களை உதவியோடு அனுப்புவதைத் தடை செய்யும் வரை இந்த ஏற்பாடு தொடர்ந்தது.

அந்தக் காலத்தில் பெண்கள் மிகக் குறைவு. 1931-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி மலாயா இந்தியர்களில் ஆயிரம் ஆண்களுக்கு ஐந்நூறு பெண்கள்கூட இல்லை. இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் பல விஷயங்கள் விளங்கும். பெண்ணுக்குப் பரிசம் கொடுத்துக் கட்டுவது ஏன் இங்கே வலுவாக நின்றது, பெண்ணைப் பெற்றவர் ஏன் அவசரமாக ஒரு வார்த்தையைக் கொடுத்துப் பத்திரப்படுத்தினார், பெண்ணின் விருப்பம் ஏன் கேட்கப்படவில்லை என்பதெல்லாம் அந்தப் பற்றாக்குறையோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை. இன்று அந்தப் பற்றாக்குறை இல்லை. பழக்கம் மட்டும் இருக்கிறது. பரிசம் போய் வரதட்சணை வந்துவிட்ட வீடுகளும் உண்டு. அது வேறு தலைப்பு.

பெண்ணைக் கேட்காமல் பேசுவதுதான் தமிழர் மரபு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் அக இலக்கியத்தில் வரைவு கடாதல் என்றே ஒரு துறை இருக்கிறது. மறைவாகச் சந்தித்துப் போகும் தலைவனிடம், "இப்படியே எத்தனை நாள்? வந்து முறைப்படி மணந்துகொள்" என்று தோழி நெருக்குவது அது. அறத்தொடு நிற்றல் என்று இன்னொன்று: பெண்ணின் மனம் யாரிடம் இருக்கிறது என்பதைத் தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் சொல்லி, முறைப்படி வீட்டாருக்குத் தெரியப்படுத்துவது. அதாவது பெண்ணின் மனம் முதலில். வீட்டாரின் பேச்சு அடுத்தது. கேட்டும் கொடுக்காவிட்டால் பனைமட்டைக் குதிரை ஏறி ஊர் நடுவே வந்துவிடுவேன் என்று தலைவன் மிரட்டுவதும் உண்டு. நம் பையன்கள் அதைச் செம்பனை மட்டையில் செய்து பார்க்க வேண்டாம். முள் பொல்லாதது.

தெலுக் கெமாங் கடற்கரையில்

இப்போது நிலைமை வேறு. பிள்ளைகள் தோட்டத்தில் இல்லை. நீலாயிலும் செனவாங்கிலும் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். 1998-இல் சிப்பாங்கில் விமான நிலையம் திறந்த பிறகு அங்கே வேலைக்குப் போனவர்கள் ஏராளம். லயங்கள் இருந்த இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன. பையனும் பெண்ணும் வேலையிடத்தில் பழகுகிறார்கள், கைத்தொலைபேசியில் பேசுகிறார்கள், பிறகு ஒரு நாள் தெலுக் கெமாங் கடற்கரையில் பையன் மண்டியிட்டு மோதிரத்தை நீட்டுகிறான். நண்பர்கள் பலூனோடு ஒளிந்திருந்து படம் பிடிக்கிறார்கள். மேல்நாட்டுப் பழக்கம், அங்கேயும் வைர மோதிரம் இல்லாமல் கேட்கக் கூடாது என்ற எண்ணம் வேரூன்றியதில், 1947-இல் எழுதப்பட்ட விளம்பர வாசகத்தோடு வைர வியாபாரம் செய்த டி பீர்ஸ் நிறுவனத்துக்குப் பெரும் பங்குண்டு.

பெரியவர்கள் இதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். நான் சுளிக்கவில்லை. அந்தப் பையன் ஒரு நல்ல காரியம் செய்கிறான்: யாரைக் கேட்க வேண்டுமோ அவரைக் கேட்கிறான். ஆனால் பத்துப் பேர் கூடிய இடத்தில் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சுற்றி நின்று படம் பிடிக்கும்போது ஒரு பெண்ணால் "யோசித்துச் சொல்கிறேன்" என்று எப்படிச் சொல்ல முடியும்? தலையாட்டத்தான் வேண்டும். அதுவும் ஒருவகையில் திரைக்குப் பின்னால் தேநீர் ஆற்றுவதுதான். தம்பிமார்களே, முதல் முறை தனியாகக் கேளுங்கள், மறுக்க இடம் வைத்துக் கேளுங்கள். அவர் சம்மதித்த பிறகு பலூனை எத்தனை வேண்டுமானாலும் கட்டுங்கள்.

அந்தச் சம்மதத்தை வீட்டுக்குக் கொண்டு வருவது அடுத்த வேலை. இங்கேதான் பல பேர் இடறுகிறார்கள். பையன் நேராகப் போய்த் தகப்பனாரிடம் "நான் அவளைத்தான் கட்டிக்குவேன்" என்பான். அவரும் வீம்புக்கு நிற்பார். நம் வீடுகளில் வழி தெரிந்தவர்கள் அம்மாவிடம்கூட முதலில் போவதில்லை. அத்தை, தாய்மாமன், கோயில் தலைவர், படிப்பித்த ஆசிரியர், இவர்களில் இரண்டு வீட்டுக்கும் வேண்டியவர் ஒருவரைப் பிடிப்பார்கள். முறைமாமன் இருக்கிற வீட்டில் அவருடைய மனம் கோணாமல் அவரையே முன்னால் நிறுத்திவிடுவது புத்திசாலித்தனம். நான் பார்த்த வரையில், பெண்ணின் தாய்மாமனே முன்னின்று பேசிய காதல் கல்யாணம் எதுவும் முறிந்ததில்லை.

முறை என்னும் சிக்கல்

தோட்டத்துக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். ஒரே லயத்தில் மூன்று தலைமுறை குடியிருந்தவர்கள் இரத்த சம்பந்தம் இல்லாமலே அண்ணன், சித்தப்பா, மாமா என்று முறை வைத்து அழைத்துப் பழகிவிட்டோம். அந்நிய மண்ணில் உறவு தேடிக்கொண்டதன் விளைவு அது, அழகான பழக்கம்தான். ஆனால் அடுத்த வீட்டுச் சித்தப்பாவின் மகளைப் பையன் விரும்பிவிட்டால், "தங்கச்சி முறையாச்சே" என்று வீடு இரண்டுபடுகிறது. பெண் எந்த ஊர்ப் பக்கம் என்று விசாரிப்பதும் சேர்ந்துகொள்ளும். அந்த ஊர் தமிழ்நாட்டில் இருக்கிறது. கேட்கிறவரும் பார்த்ததில்லை, பதில் சொல்பவரும் பார்த்ததில்லை. என்ன கேட்கிறார்கள் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததே.

நம் மாநிலத்தில் இதைப் புரிந்துகொள்ள அக்கம்பக்கத்தையே பார்க்கலாம். ரெம்பாவ், கோலப்பிலா கம்பத்து மலாய்க்காரர்கள் அடாட் பெர்பத்தே வழக்கப்படி தாய்வழியில் சுக்குப் பார்ப்பவர்கள். ஒரே சுக்குவைச் சேர்ந்தவர்கள் எவ்வளவு தூரத்து உறவானாலும் மணந்துகொள்ளக் கூடாது என்பது அந்த வழக்கு. அவர்களிடமும் பெண் கேட்கும் முறை நம்முடையதைப் போலவே வெற்றிலைத் தட்டோடுதான் தொடங்குகிறது. முதலில் விசாரிக்கப் போவது மெரிசிக், பிறகு முறைப்படி கேட்பது மெமினாங். அங்கேயும் பேசுவது பெரியவர்கள். அங்கேயும் பேச்சு சுற்றி வளைத்தே வரும்.

சட்டம் என்ன சொல்கிறது? முஸ்லிம் அல்லாதாருக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் யார் யாரை மணக்கக் கூடாது என்று 11-ஆம் பிரிவில் பட்டியல் போடுகிறது. அந்தப் பட்டியலில் லயத்து முறை கிடையாது. இந்துக்கள் தங்கள் வழக்கப்படி அக்காள் மகளைக் கட்டுவதற்கு அதே பிரிவு விலக்கும் அளித்திருக்கிறது. நாடாளுமன்றம் நம் தாய்மாமன் உறவை அந்த அளவுக்கு மதித்திருக்கிறது. சட்டம் அனுமதிப்பதால் செய்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. மாமனுக்கும் மருமகளுக்கும் இரத்தத்தில் கால் பங்கு பொது. மரபுவழி நோய் குடும்பத்தில் இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

வயது விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதே சட்டப்படி இருவருக்கும் பதினெட்டு நிறைந்திருக்க வேண்டும். பதினாறு நிறைந்து பதினெட்டு ஆகாத பெண்ணுக்கு மட்டும் மந்திரி பெசார் உரிமம் கொடுத்தால் நடக்கலாம். அந்த வாசலைத் தேடிப் போகாதீர்கள், பெண் படிக்கட்டும். இருபத்தொன்று ஆகாதவருக்குத் தகப்பனாரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவர் இல்லையென்றால் தாயாரின் சம்மதம்.

பணப் பேச்சு

பெண் கேட்கும் நாளில் பணத்தைப் பற்றிப் பேசுவது அநாகரிகம் என்று நினைக்கிறோம். பிறகு உறுதி செய்யும் நாளில் மண்டபம் யார் செலவு, தாலி எத்தனை பவுன் என்று சண்டை போடுகிறோம். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அந்தச் சம்பளக்காரர் 17,000 வெள்ளியில் ஒரு கல்யாணத்தைப் பேசி முடித்தால், சாப்பிடாமல் குடிக்காமல் பத்து மாதம் உழைத்த காசு அது. ஊழியர் சேமநிதியில் கல்யாணத்துக்கென்று தனியாக எடுக்க வழியில்லை. 2024 மே மாதத்தில் வந்த மூன்றாம் கணக்கிலிருந்து எதற்கும் எடுக்கலாம் என்பது உண்மை. ஆனால் அதில் சேர்வது சந்தாவில் பத்து விழுக்காடுதான். மீதிக்கு என்ன செய்கிறார்கள்? வட்டிக்காரனிடம் போகிறார்கள், அல்லது கூட்டுப் பிடிக்கிறார்கள். கூட்டு நடத்துவது இந்நாட்டில் குற்றம். 1971-இல் வந்த அந்தத் தடைச் சட்டத்துக்குப் பெயரே கூட்டு நிதித் தடைச் சட்டம். நம் தமிழ்ச் சொல் ஆங்கிலச் சட்டத்தின் தலைப்பில் ஏறியிருக்கிறது. பெருமைப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கே குடியிருப்பது என்பதும் அன்றைக்கே கேட்க வேண்டிய கேள்வி. தோட்ட வீடு வேலையோடு ஒட்டியது. மாமனார் ஓய்வு பெற்றால் வீடு திரும்பப் போய்விடும். மருமகளை அழைத்து வந்த மறு வருடமே வீட்டைக் காலி செய்யும் நிலை வந்தால் யார் மீது கோபப்படுவது? "மாப்பிள்ளை, தோட்டம் விக்கப் போறதா பேச்சு இருக்கே, அப்புறம் எங்க இருப்பீங்க?" என்று பெண்ணின் தாயார் கேட்டால் அதைக் குத்தலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பொறுப்பான கேள்வி அது.

தாலி கட்டினால் போதாதா?

இப்போது, நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பெண் கேட்கும் அன்றே, சாட்சிகள் முன்னிலையில், "பதிவு எப்போது?" என்று கேட்டுவிடுங்கள்.

முன்னே சொன்ன 1976-ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வழக்கப்படி கோயிலிலோ வீட்டிலோ முறையாக நடந்த கல்யாணங்களைச் சட்டம் அப்படியே ஏற்றுக்கொண்டது. அவை பதிவானவையாகவே கருதப்படும். அதற்குப் பின் நடந்தவற்றுக்கு அந்தச் சலுகை இல்லை. சட்டப்படி பதிவாளர் முன்னிலையில் நடந்தால்தான் திருமணம். இந்த ஒரு தேதிதான் நம் மக்களைக் குழப்பிவிட்டது. தாத்தா பாட்டிக்குத் தாலி மட்டும்தான் நடந்தது; அவர்களுக்கு ஒரு கேடும் வரவில்லை. "அவங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு, சாமி சாட்சியா கட்டினது போதாதா?" என்று பேத்தி கல்யாணத்திலும் கேட்கிறார்கள். பாட்டி 1982-க்கு முன் கட்டிக்கொண்டவர். பேத்தி அப்படியில்லை.

பதிவு செய்யாவிட்டால் என்ன ஆகும்? முதலில் பிள்ளையின் பிறப்புப் பத்திரம். பெற்றோர் சட்டப்படி தம்பதியர் அல்லர் என்றால், தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்டுக்கொண்டாலொழியத் தகப்பன் பெயர் அதில் ஏறாது. அடுத்தது குடியுரிமை. இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு, கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை, தகப்பன் என்று வரும் இடத்திலெல்லாம் தாயையே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. தாயிடம் நீல அடையாளக் கார்டு இருந்தால் பிரச்சினை இல்லை. தாயிடம் பச்சைக் கார்டு இருந்தால், அல்லது எந்தக் கார்டும் இல்லையென்றால், தகப்பன் நீலக் கார்டை எத்தனை முறை நீட்டினாலும் பிள்ளைக்கு அது உதவாது.

எந்தக் கார்டும் இல்லாத பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று நகரத்து நேயர்கள் கேட்கலாம். லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்து, பிறப்பைப் பதியாமலே வளர்ந்த பிள்ளைகள் தோட்டங்களில் உண்டு. தாய்க்குப் பத்திரம் இல்லாததால் மகளுக்கும் இல்லாமல் போன வீடுகள் உண்டு. ஒரு காலத்தில் அவர்கள் தோட்டத்தைத் தாண்டி எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. ஆகவே யாரும் கேட்கவில்லை. இப்போது பள்ளியில் கேட்கிறார்கள், மருத்துவமனையில் கேட்கிறார்கள், பரீட்சைக்குக் கேட்கிறார்கள்.

பிறகு பதிவு செய்துகொண்டால் சரியாகிவிடாதா என்றால், எப்போதும் ஆகாது. மலேசியத் தகப்பனுக்கும் வெளிநாட்டுத் தாய்க்கும் பிலிப்பைன்ஸில் பிறந்த ஒரு பிள்ளையின் வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போயிற்று. பிள்ளை பிறந்த பின் பெற்றோர் மணம் புரிந்துகொண்டவர்கள். 2021 மே மாதத்தில் தீர்ப்பு வந்தது. ஏழு நீதிபதிகளில் நால்வர் பிள்ளைக்கு எதிராகவும் மூவர் ஆதரவாகவும் தீர்ப்பளித்தார்கள். பெற்றோர் பின்னால் மணந்துகொண்டதால் பிறக்கும்போது இருந்த நிலை மாறாது என்பதே அந்த நால்வரின் முடிவு. ஒரே ஒரு நீதிபதியின் கருத்து வேறுபட்டிருந்தால் தீர்ப்பு மாறியிருக்கும். பதிவு செய்த நாளும் பிறந்த நாளும் இடம் மாறியிருந்தால் வழக்கே இருந்திருக்காது.

ஆகவேதான் சொல்கிறேன், பெண் கேட்கப் போகிற இடத்தில் குலம் கோத்திரம் விசாரிப்பதைவிட அடையாளக் கார்டின் நிறத்தை விசாரிப்பது முக்கியம். தயவுசெய்து இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பச்சைக் கார்டு என்றால் பெண் வேண்டாம் என்று எழுந்து வருவதற்கு அல்ல. அந்தப் பெண்ணைக் கட்டுகிற வீட்டுக்குப் பதிவில் ஒரு நாள்கூடத் தாமதிக்கும் உரிமை இல்லை என்று தெரிந்துகொள்வதற்கு. பத்திரங்களைச் சேகரிக்கவே மாதக்கணக்கில் ஆகும். அந்த வேலையை அன்றைக்கே தொடங்க வேண்டும்.

கணவனுக்கு ஏதும் நேர்ந்தாலும் இதே கதைதான். வேலையிடத்தில் விபத்தில் போய்விட்டால் சொக்சோவில் விதவைக்கு ஓய்வூதியம் உண்டு. மனைவி என்று காட்டத் திருமணச் சான்றிதழ் கேட்பார்கள். கழுத்தில் இருந்த தாலியைக் கழற்றி வைத்துவிட்டு வந்த பெண்ணிடம் காகிதம் எங்கே என்று கேட்கும் காட்சியை நான் ஒரு முறை பார்த்திருக்கிறேன். இன்னொரு முறை பார்க்க விருப்பமில்லை.

பதிவின் நடைமுறை கடினமானதல்ல. தேசியப் பதிவிலாகாவிலோ, உதவிப் பதிவாளராக நியமனம் பெற்றவர் இருக்கும் கோயில், சங்கங்களிலோ இருவரும் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். இருபத்தொரு நாள் அது ஒட்டப்பட்டிருக்கும். ஆட்சேபம் வராவிட்டால், அறிவிப்புக் கொடுத்த ஆறு மாதத்துக்குள், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் மணம் புரிந்துகொள்ளலாம். கோயில் குருக்களோ கோயில் செயலாளரோ அந்த நியமனம் பெற்றவராக இருந்தால் தாலியும் கையெழுத்தும் ஒரே மேடையில் முடிந்துவிடும். ஆனால் குருக்கள் எல்லாரும் பதிவாளர் அல்லர். முகூர்த்த நாள் குறிக்கும்போதே "சாமி, நீங்க பதிவும் செய்வீங்களா?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வீட்டுக் கடனுக்காகவோ, வெளியூர் வேலைக்காகவோ, கல்யாணத்துக்கு ஒன்றரை வருடம் முன்பே பதிவு செய்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தாலி இன்னும் ஏறவில்லை, ஆகவே இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று வீட்டார் நினைத்துக்கொண்டிருப்பார்கள். சட்டத்தின் கண்ணில் அவர்கள் கணவன் மனைவி. நடுவில் மனம் முறிந்தால் தட்டைத் திருப்பி அனுப்பி முடிக்க முடியாது. மணவிலக்கு வாங்க வேண்டும். அதற்கும் பொதுவாக மணமான இரண்டு வருடத்துக்குள் மனுப் போட முடியாது. பச்சைக் கார்டு போன்ற காரணம் இல்லையென்றால், முகூர்த்தத்துக்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம் முன் அறிவிப்புக் கொடுத்து, முகூர்த்தத்தை ஒட்டிக் கையெழுத்தை வைத்துக்கொள்வது என் யோசனை.

சரி, தட்டு மாற்றியபின் ஒரு பக்கம் மறுத்தால்? மலாயாவில் 1958-இல் சட்ட ஏட்டில் பதிவான ஒரு வழக்கு இருக்கிறது. இந்துக் குடும்பங்கள் இரண்டு, பெற்றோர் பேசி நிச்சயித்த சம்பந்தம், பிறகு முறிந்தது. நீதிமன்றம் இதை ஒப்பந்தச் சட்டத்தின்படியே ஆராய்ந்தது. பிள்ளைகளுக்காகப் பெற்றோர் பேசி முடிப்பது இந்நாட்டு இந்தியர்களின் வழக்கம் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. ஆகவே பத்துப் பேர் முன்னால் கொடுத்த வார்த்தைக்குச் சட்டத்திலும் கனம் உண்டு. மனமொவ்வாத பெண்ணையோ பையனையோ வழக்குக்குப் பயந்து கட்டிவைக்க இதைக் காரணமாக்கி விடாதீர்கள். முறிவது முகூர்த்தத்துக்கு முன் முறிந்தால் நட்டம் மண்டபப் பணத்தோடு போகும்.

நிகழ்ச்சி ஒளிப்பதிவு முடிந்து வெளியே வந்தபோது ஒரு தாயார் காத்துக்கொண்டிருந்தார். போர்ட்டிக்சன் பக்கத்துத் தோட்டம். "ஐயா, எங்களுக்குக் கோயில்லதான் நடந்துச்சு. பதியல. ரெண்டு புள்ளைங்க. இப்ப என்ன செய்யலாம்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதிவிடுகிறேன். அவரைப் போல இன்னும் பலர் இருப்பார்கள். இருவரும் உயிரோடு, ஒன்றாக இருக்கும்போதே போய் அறிவிப்புக் கொடுங்கள். சான்றிதழில் பதிவு செய்த நாள்தான் இருக்கும்; பழைய கோயில் தேதி வராது, அதற்காக வருத்தப்பட வேண்டாம். பதிவு முடிந்ததும் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்பூர்வத் தகுதிச் சட்டத்தின்கீழ்ப் பிள்ளைகளின் பிறப்பை மறுபதிவு செய்யக் கேளுங்கள். தாயிடம் பச்சைக் கார்டு இருந்தால், அல்லது எந்தக் கார்டும் இல்லையென்றால், அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்கீழ்ப் பிள்ளைக்குக் குடியுரிமை விண்ணப்பம் போட வேண்டும். கொடுப்பது அரசாங்கத்தின் கையில். பிள்ளை சிறுவயதாக இருக்கும்போதே போட வேண்டும், வளர்ந்துவிட்டால் அந்த வாசல் மூடிவிடும்.

"எனக்கு நீலந்தாங்க" என்றார் அந்தத் தாயார். முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. பிறகு, வீட்டுக்காரர் வெளியே மோட்டார் சைக்கிளில் இருப்பதாகவும், தாம் கூப்பிட்டால் உள்ளே வரமாட்டார் என்றும், நான் ஒரு வார்த்தை அவரிடம் சொல்ல முடியுமா என்றும் கேட்டார். போனேன். தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார் மனிதர். "இருபத்தோரு நாளா?" என்றார். ஆமாம் என்றேன். "சாட்சிக்கு என் மச்சானைக் கூட்டிட்டுப் போகலாமா?" என்றார். தாராளமாகப் போகலாம் என்றேன்.